மேனேஜர் வந்த நாள்

ஆதிமூலத்தின் வலது கெண்டைக்காலில் பன்னிரண்டு தையல் போட்டார்கள். அது ஆவணி மூன்றாவது வாரம். பத்து நாளில் தையல் பிரிக்கலாம், ஒரு மாசத்தில் வேலைக்குப் போகலாம் என்றார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகும் புண்ணின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு வாய் திறந்தே கிடந்தது. ஒரு நாள் காய்ந்து வருவதுபோல் இருக்கும். இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் துணி நனைந்து ஒட்டியிருக்கும்.

புண்ணாவது காலோடு நின்றது. வயிறு அந்த வீட்டையே ஆட்டிவைத்தது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டராக நின்ற ஆள் அவன். விடிகாலை முதல் டிரிப்புக்குப் போகும் முன்பே ஒரு கிண்ணம் பழையதும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டுவான். இப்போது மூன்று கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. நெஞ்சுக் குழியில் எரிகிறது என்பான். புளித்த ஏப்பமாக விடுவான். சில நாட்களில் தட்டை எடுத்து வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவான். தளவானூர் காலனியில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கெல்லாம் அவன் ஓங்கரிக்கும் சத்தம் பழகிப்போயிருந்தது.

அவன் பெண்டாட்டி மீனம்பாள் யார் என்ன சொன்னாலும் செய்தாள். கத்திரிக்காய் ஆகாது என்றார்கள், நிறுத்தினாள். கருவாடு ஆகாது, முட்டை ஆகாது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை தின்றால் சீழ் கோர்க்கும் என்றார்கள். பகலெல்லாம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்ந்துவிட்டு, மடியில் ஒரு கொட்டைகூட எடுக்காமல் வந்தாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருக்கும். வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வெந்நீரில் கட்டைப் பிரிப்பாள்.

கால் கிழிந்த விதம் ஊருக்கே தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மண்டகப்பட்டு நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பின்படியில் இறங்கியது. பிரம்மி என்று பெயர், ஒன்பதாவது படிக்கிறது. கீழ்ப்படியின் தகரம் துருப்பிடித்து எப்போதோ இற்றுப்போயிருந்தது. பிள்ளை காலை வைத்ததும் பொத்துக்கொண்டது. தலைகுப்புற விழ இருந்ததை ஆதிமூலம் பாய்ந்து பிடித்தான். பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இவன் கால் தகர ஓட்டைக்குள் இறங்கிக் கிழிந்தது. படியைப் பற்றி அவன் புகார் நோட்டில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான். மூன்று முறையும் கம்பெனியில் படியின்மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு வண்டியை அனுப்பினார்கள்.

கட்டு மாற்றக் கம்பெனியே ஒரு தனியார் கிளினிக்கைக் காட்டிவிட்டிருந்தது. அங்கே இருந்த நர்சு ஒருநாள் நனைந்த கட்டைக் குறட்டால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீனம்பாளைப் பார்த்தாள்.

"எந்த ஊரு நீங்க?"

"தளவானூருங்க. காலனி."

"அதான. மருந்து நாங்க போடறோம். வீட்ல சுத்தம் இருந்தாத்தான ஆறும். மாடு கன்னு எல்லாம் உள்ளயே கட்டுவீங்களா?"

மீனம்பாளிடம் மாடும் இல்லை, கன்றும் இல்லை. அவள் அன்று காலை தரையைப் பினாயில் விட்டுத் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். புருஷனைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தாள். வெயிலில் செஞ்சிக் கோட்டை மலை அனல் கக்கிக்கொண்டு நின்றது. ஆதிமூலம்தான் முதலில் பேசினான்.

"வுடு மே. அவளுக்கு இன்னா தெரியும்."

"தெரியாதவ எதுக்குய்யா பேசறா? எழுதிக் காட்டறன் இரு. நான் இன்னா போடறன், இன்னா கழுவறன், நீ இன்னா சாப்புடற, எல்லாத்தையும் எழுதி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டறன்."

எழுதவும் செய்தாள். எட்டாவது வரை படித்தவள். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் கட்டங்களில் பொடிப்பொடியாக எழுதினாள். 'காலை கட்டு. கஞ்சி 3 கரண்டி. வாந்தி.' 'காலை கட்டு. சாயந்தரம் கட்டு. இட்லி 2. புண் காய்வு.' 'மேனேஜர் வந்தாரு, கட்டு லேட்டு. சாப்புடல. பேதி 4.' கட்டம் போதாத நாட்களில் ஓரத்தில் எழுதினாள். விழுப்புரத்தில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் அறிவுமதி அதைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதறம்மா, லேப் ரெக்கார்டு மாதிரி" என்றாள். அவள்தான் அந்தக் கிளினிக்கை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றாள்.

அங்கே டாக்டர் சுவாதி என்று ஓர் இளம்பெண். சர்க்கரை பார்த்தாள், இல்லை. ரத்தம் குறைவாக இருந்தது. புண்ணிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். காலின் நாடியை விரலால் அழுத்திப் பார்த்தாள். அடுத்த வாரம் முடிவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"பெரிய கிருமி எதுவும் இல்ல. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. ஆறாம இருக்க வேண்டிய புண்ணே இல்லம்மா இது. கட்டு எப்படி மாத்தறீங்க?"

மீனம்பாளுக்கு அந்த நர்சின் முகம் ஞாபகம் வந்தது. மஞ்சப்பையிலிருந்து காலண்டர் தாள்களை உருவி மேஜைமேல் போட்டாள். "பாத்துக்குங்க டாக்டரம்மா. ஒரு நாளு வுட்டிருந்தா கேளுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைப் பிரித்து வைத்துப் படித்தாள். ஒரு பேனாவை எடுத்துச் சில கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டாள். வெளியே சீட்டோடு இருபது பேர் நின்றார்கள்.

"மேனேஜர் வந்தாருன்னு எழுதி இருக்கீங்களே, யாரு அது?"

"இவரு கம்பெனி மேனேஜரு. கோவிந்தசாமி. வாரத்துக்கு ரெண்டு வாட்டி பாக்க வருவாரு. பழம் வாங்கியாருவாரு. அவருக்கு டீ போடறதுல கட்டு லேட்டாயிடும், அதான் எழுதனன். மறைக்கல."

"லேட்டானது பரவால்ல. அவர் வந்த நாளெல்லாம் சாப்பாடு இல்ல. அன்னிக்குப் பேதி. ரெண்டு நாள் கழிச்சு புண் ஈரம். அவர் வராத வாரம் பாருங்க, ஆயுத பூஜை வாரம். இட்லி, இட்லி, சோறு. புண் காய்வு, புண் காய்வு." டாக்டர் ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள். "அவர் வந்து என்ன பேசுவாருங்க?"

ஆதிமூலம் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லிங்க. சும்மா, ஒடம்பு எப்பிடி கீதுன்னு" என்றான். சொல்லும்போதே அவன் கை வயிற்றுக்குப் போனது. டாக்டரும் மீனம்பாளும் கூட வந்திருந்த அறிவுமதியும் அதைப் பார்த்தார்கள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டென்ஷன் மனசுல மட்டும் இருக்கறதில்லங்க. ஒருத்தர் பயந்துகிட்டே இருந்தா வயிறு வேல செய்யாது. சிலருக்கு கட்டிக்கும், சிலருக்குப் பிச்சிக்கும். சாப்பிட்டது ஒடம்புல ஒட்டாது. சத்து இல்லாம சதை எப்படி வளரும்? தூக்கமும் இல்லன்னா புண்ணு ஆறுறது இன்னும் தள்ளிப் போவும். அது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ரத்தம் கம்மி, மாத்திரை தரேன். முட்டை, மல்லாட்டை, கருவாடு எல்லாம் குடுங்க, யார் பேச்சும் கேக்காதீங்க. ஆனா அந்த மேனேஜர் விஷயம் என்னன்னு பாருங்க. அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

வீட்டுக்கு வந்ததும் மீனம்பாள் கதவைச் சாத்தவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. புருஷனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"ரெண்டு மாசமா நீ வாந்தி எடுக்கற, நான் வாரிக் கொட்றன். கண்டவ எல்லாம் என்னிய நாறப் பொம்பளன்னு பேசறா. நீ ஒண்ணும் இல்லன்னு சொல்ற. சொல்லுய்யா."

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் சொன்னான். கோவிந்தசாமி ஒவ்வொரு முறையும் சட்டைப் பையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு வருகிறான். பிள்ளை இறங்கி முடிக்கும் முன்பே நான் விசில் கொடுத்துவிட்டேன், வண்டி நகர்ந்தது, அதனால் விழுந்தது, படிக்கட்டு நல்ல நிலையில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால், குடித்துவிட்டு வண்டியில் ஏறினான், புண் ஆறாததற்கும் குடிதான் காரணம் என்று கம்பெனி எழுதும். லைசென்ஸ் போகும். வேறு எந்த வண்டியிலும் ஏற முடியாது.

"குடியா? நீ பாக்கு கூட போட மாட்ட."

"அத யாரு கேக்கப் போறாங்க."

"இன்னும் இன்னா சொன்னான்?"

"பொண்ணு நம்ம வண்டிலதான காலேஜுக்குப் போவுது, நல்லா படிக்கட்டும்னான்." ஆதிமூலம் வாசலை எட்டிப் பார்த்தான். "அவ்ளோதான் சொன்னான். சிரிச்சிக்கிட்டே சொன்னான். இன்னா அர்த்தம்னு நெனைச்சி நெனைச்சிப் பாக்கறன். வூட்டு பொம்பளைங்ககிட்ட சொல்லாத, பயந்துடுவாங்கன்னான். அவன் வண்டி சத்தம் தெருமொனையில கேட்டாலே வயிறு பெரட்டுது மே. ஓடிப்போயிரலாம்னா காலும் இல்ல."

மீனம்பாளுக்கு அழுகை வரவில்லை. தான் அந்த ஆளுக்குப் போட்டுக் கொடுத்த டீயெல்லாம் நினைவுக்கு வந்தது. சர்க்கரை போதுமா சார் என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து, துடைத்துப் போட்டிருக்கிறாள். ஒரு மனுஷன் வந்து பார்க்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஊதி ஊதி எரித்த அடுப்பில் காய்ச்சிய டீயைக் குடித்துக்கொண்டுதான் அவன் இவள் புருஷனின் குடலைத் திருகியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோவிந்தசாமி வந்தான். கையில் சாத்துக்குடி. வேலைக்குப் போகாமல் இருந்த மீனம்பாள் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வர வழியில்லை.

"இன்னாம்மா, ஆதி தூங்கறானா?"

"இல்ல சார். கஞ்சி குடிக்கிறாரு. நீங்க எங்கிட்டயே பேசுங்க."

"ஒங்கிட்ட இன்னா பேசறது? ஆபீஸ் சமாச்சாரம்."

"அந்தத் தாள குடுங்க சார், பாக்கறன்."

கோவிந்தசாமி உள்ளே எட்டிப் பார்த்தான். ஆதிமூலம் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். 

"ஆதி, இன்னாபா இது? சொன்னன் இல்ல ஒனக்கு."

"அவரப் பாக்காதீங்க சார். எனக்குப் படிக்கத் தெரியும். குடுங்க. நல்லதா இருந்தா நானே கையெழுத்துப் போடச் சொல்றன்."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பெண்பிள்ளைதானே, பயந்து சம்மதிக்க வைப்பாள் என்று நினைத்திருக்கலாம். தாளை எடுத்துக் கொடுத்தான். மீனம்பாள் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். படிக்கட்டு நல்ல நிலையில் இருந்தது என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது இங்க இருக்கட்டும்."

"ஏய், குடு அத."

"ஏய்னு சொல்லாதீங்க. எம் பேரு மீனம்பாள். எடுத்துக்கங்க பாக்கலாம், இத்தினி பேரு பாக்கறாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "மூணு வாட்டி நோட்ல எழுதிக் குடுத்த ஆளு சார் அவரு. நீங்க ரப்பர் போட்டு மூடுனீங்க. கால குடுத்து ஒரு புள்ளயக் காப்பாத்துனவன் குடிகாரனா? எம் புருஷன் ரெண்டு மாசமா ஒரு வாய் சோறு துன்னல. அது ஒங்களாலதான்னு டாக்டரு சொல்லிட்டாங்க. இனிமே இந்தத் தெருவுக்கு வராதீங்க."

கோவிந்தசாமி சாத்துக்குடிப் பையை வாசலில் வைத்துவிட்டு, "அனுபவிப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனான். மீனம்பாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டுபோய் அவன் வண்டியின் கொக்கியிலேயே மாட்டிவிட்டு வந்தாள். உள்ளே ஆதிமூலம் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டிருந்தான். அன்று அவனுக்கு ஆறு முறை பேதி போனது. நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு மண்டகப்பட்டுக்குப் போனாள். பிரம்மியின் அப்பா சந்திரநாதன் அங்கே மூன்று ஏக்கர் நெல் வைத்திருக்கிற ஜைனர். வரப்பில் நின்று மடை திறந்துகொண்டிருந்தார். யார் என்று அவள் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"உங்க வீட்டுக்காரர் பண்ணதுக்கு நீங்க ஏம்மா வந்தீங்க? அவரே ஒத்துக்கிட்டார்னு மேனேஜர் அப்பவே வந்து சொல்லிட்டாரே. அவசரப்பட்டு விசில் குடுத்துட்டாராம், கையெழுத்தும் போட்டுட்டாராம். சரி, யாரோ ஏழை, எதுக்கு கேசுன்னு நாங்களும் விட்டுட்டோம்."

மீனம்பாள் மடித்த தாளை அவரிடம் நீட்டினாள். கையெழுத்து போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எப்ப சொன்னாரு சார் உங்ககிட்ட?"

"நடந்த மூணாம் நாளே."

மூன்றாம் நாள் ஆதிமூலம் கால் முழுக்க வீங்கி, காய்ச்சலில் கிடந்தான். அவனிடம் தாளை நீட்டும் முன்பே மேனேஜர் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மீனம்பாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்திரநாதன் வீட்டுக்கு அழைத்துப்போய் மோர் கொடுக்கச் சொன்னார். பிரம்மி உள்ளேயிருந்து வந்து நின்றது. மாவுக்கட்டு பிரித்த கை இன்னும் கொஞ்சம் சூம்பி இருந்தது.

"வண்டி நின்னுதான் இருந்தது. நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல" என்றது. "கண்டக்டர் சார் பிடிக்கலன்னா நான் சக்கரத்துக்கிட்ட விழுந்திருப்பேன். அவருக்குக் கால் எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் ஒருவர்கூட இப்படிக் கேட்டிருக்கவில்லை. மீனம்பாள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சூம்பிய கையைப் பிடித்துக்கொண்டாள். சந்திரநாதன் மகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "பொய் சொல்லி எங்க வீட்ல உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கான்" என்றார். அவருக்கும் அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஆதிமூலம் தன் கையாலேயே நடந்ததை எழுதினான். நோட்டில் புகார் எழுதிய மூன்று தேதிகளும் அவனுக்கு மனப்பாடம். சந்திரநாதன் ஒன்று எழுதினார். பிரம்மி பள்ளிக்கூடத்து நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துக் கொடுத்தது. அறிவுமதி எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தாள். போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்று. ஆதிமூலம் அங்கேயே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, "பசிக்குது மே" என்றான். மீனம்பாளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இரண்டாவது முறை சொன்னான். எதிர்க் கடையில் சாம்பார் சாதம் வாங்கினார்கள். பாதிதான் சாப்பிட்டான். ஆனால் அது வயிற்றில் தங்கியது.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஆனால் தூங்கினான். முட்டை இறங்கியது, முருங்கைக்கீரை இறங்கியது, பிறகு கருவாடு. கார்த்திகை பிறந்தபோது புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் ஏறி வந்தது. அந்தப் புகாரின் பேரில் அதிகாரிகள் பஸ்ஸைப் பிடித்து நான்கு நாள் நிறுத்திவைத்தார்கள். டாக்டர் சுவாதி கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டு, இனி கட்டு வேண்டாம் என்று அனுப்பினாள்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அறிவுமதி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கோவிந்தசாமி இல்லை, ஆபீஸில் வேறு யாரோ. உங்கள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, பையையும் விசிலையும் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். வேறு ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மாவும் மகளும் ஆதிமூலத்தின் முகத்தையே பார்த்தார்கள். எப்போது எழுந்து ஓடுவான் என்று மீனம்பாள் சொம்பில் தண்ணீர்கூட எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுக்குத்தான் பயந்தனா" என்றான். "வேற வண்டில கேக்கலாம். இல்லன்னா மல்லாட்டை பிடுங்கறன்." தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் பிசைந்து வாரி வாரிச் சாப்பிட்டான். மீனம்பாள் தன் தட்டில் கை வைத்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். அது தொண்டைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இன்னா மே, சாப்புடு."

"நீ சாப்புடுய்யா."

"அதான் எல்லாம் ஆறிப்போச்சே."

"உனக்கு ஆறிடிச்சி" என்றாள் மீனம்பாள். "எனக்கு ஆறல."